பிஜி இந்தியர்களும் உணவு பதப்படுத்தும் தொழிலும்

பிஜி இந்தியர்களின் உணவு பதப்படுத்தும் தொழில் என்பது, தென் பசிபிக் தீவு நாடான பிஜியில் இந்திய வம்சாவளியினர் ஈடுபட்டு வந்த சர்க்கரை, மாவு, பிஸ்கட் ஆகிய தொழில்களைக் குறிக்கும். 2017 கணக்கெடுப்பின்படி பிஜியின் மக்கள்தொகை ஏறத்தாழ 8.85 இலட்சம் ஆகும். சிறிய சந்தை, நில உரிமையின்மை ஆகிய இரண்டும் இத்தொழில்களின் போக்கைத் தீர்மானித்தன.

பின்னணி

1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பிஜிக்குக் கொண்டு வந்தது. 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர், தெலுங்கர், மலையாளிகள் சென்றனர். குஜராத்தி வணிகர்கள் ஒப்பந்தத்தில் சேராமல், தம் சொந்தச் செலவில் குடியேறிக் கடைகளைத் தொடங்கினர்.

சர்க்கரை

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சி.எஸ்.ஆர். நிறுவனம் 1882இல் நவுசோரியில் தன் முதல் ஆலையை இயக்கியது. ஒப்பந்த முறை ஒழிந்தபின், அந்நிறுவனம் ஏறத்தாழ 10 ஏக்கர் கொண்ட துண்டுகளாக நிலத்தை இந்தியர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. கரும்பை விளைவித்தவர்கள் இந்தியர்கள், ஆலையோ நிறுவனத்தினுடையது. இதனால் கரும்பு விலை தொடர்பான பூசல்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. டென்னிங் பிரபு அளித்த தீர்ப்பு, வருவாயில் 65 விழுக்காட்டை விவசாயிகளுக்கு ஒதுக்கியது. இது கட்டுப்படியாகாது எனக் கூறிய சி.எஸ்.ஆர்., 1973இல் வெளியேறியது. ஆலைகள் அரசின் பிஜி சர்க்கரைக் கழகத்திடம் சென்றன. எனவே கரும்பு விவசாயிகள் ஆலை முதலாளிகளாகவில்லை.

மாவும் பிஸ்கட்டும்

தொழில் முனைவு வணிகர்களிடமிருந்து தோன்றியது. குஜராத்தி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஹரி புஞ்சா 1970களின் தொடக்கத்தில் 'ஃபிளவர் மில்ஸ் ஆஃப் பிஜி' நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் இது எஃப்.எம்.எஃப். ஃபுட்ஸ் எனப் பெயர் மாறியது. தலைநகர் சுவாவில் இதன் ஆலை அமைந்துள்ள தெருவின் பெயர் லியோனிடாஸ் தெரு என்பது குறிப்பிடத்தக்கது.

பிஜியில் கோதுமை விளைவதில்லை. அது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதி ஆகிறது. ஆகவே இத்தொழிலுக்கு விளைநிலம் தேவையில்லை. துறைமுகம், ஆலை, கடைகளின் வலையமைப்பு ஆகியவையே போதுமானவை. இந்தியர்களின் ரொட்டிக்கும், பூர்வகுடி மக்களான இதௌக்கேயர் விரும்பும் கெட்டி பிஸ்கட்டுக்கும் ஒரே ஆலையின் மாவு பயன்பட்டது. உள்நாட்டுச் சந்தை சிறியதாகையால், அண்டைத் தீவு நாடுகளுக்கான ஏற்றுமதியும் இன்றியமையாததாயிற்று.

சிக்கல்கள்

பிஜியின் நிலத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி இதௌக்கேயருக்கு உரியது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழமைந்த 30 ஆண்டுக் குத்தகைகள் 1997 முதல் முடிவடையத் தொடங்கின. புதுப்பிக்கப்படாத நிலங்களை விட்டு விவசாயிகள் பலர் வெளியேறினர். 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் ஏராளமானோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சீர்திருத்தத்தில் சர்க்கரைக்கான ஆதரவு விலையை 36 விழுக்காடு குறைத்ததும் கரும்புத் தொழிலைப் பாதித்தது. இறக்குமதிக் கோதுமையை நம்பிய மாவுத் தொழிலை நிலச் சிக்கல் நேரடியாகத் தாக்கவில்லை. எனினும் உலகக் கோதுமை விலையும் கப்பல் கட்டணமும் அதன் செலவைத் தீர்மானிக்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* பிஜி இந்தியர்
* பிஜித் தமிழர்
* தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்