வடபாதையும் மாத்தளையும்

காடு தமிழர்க்குப் புதியதன்று. இராமபிரான் பதினான்கு ஆண்டு வனத்திலே வாழ்ந்தான். பாண்டவர் பன்னிரண்டு ஆண்டு காட்டிலும் ஓராண்டு மறைவிலும் கழித்தனர். கோயிற் பிரசங்கங்களிலே இக்கதைகளைக் கேட்டு நாம் வளர்ந்தோம். பாடசாலையிலோ ரொபின்சன் குரூசோவின் தனித்தீவையும், ஆபிரிக்கக் காடுகளில் அலைந்த லிவிங்ஸ்டனையும் படித்தோம். எகிப்தின் அடிமைத்தளை நீங்கிய மக்கள் நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் நடந்த வரலாற்றையும் வேத பாட வேளையிற் கேட்டோம். ஆயின், நம் பாட்டனும் பூட்டனும் நடந்து வந்த காட்டைப்பற்றி நமக்கு ஒரு பாடமும் வாய்க்கவில்லை. அக்காட்டுவழி வந்து முடிந்த ஊர் வேறெதுவுமன்று, நம் மாத்தளையே.

வழி

இலங்கையின் மலைகளிலே கோப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கி, 1840களிற் பெருகின. காடு வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக்கொடுமையாலும் நலிந்தோர் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டனர். தொடக்க காலத்தில் வந்தோரிற் பெரும்பாலோர் ஆடவரே. பருவ வேலை முடிந்ததும் வந்த வழியே ஊர் திரும்புவோரும் பலர். ஆகவே அவர்களுள் அநேகர் இக்காட்டை ஒருமுறை மட்டுமன்றிப் பலமுறை கடந்தனர்.

பாம்பன், தேவிபட்டினம், தொண்டி முதலிய துறைகளில் தோணியேறி, தலைமன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல். இதுவே வடபாதை. நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடந்தாலும் பத்து நாட் பயணம். பசித்த வயிறும் தலைச்சுமையுமாக நடப்பவர்க்குப் பதினைந்து மைல் எளிதோ?

அவ்வழி பெரும்பாலும் வறண்ட காடு. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கும். பண்டை மன்னர் கட்டிய குளங்கள் பல நூற்றாண்டுகளாகக் கவனிப்பாரின்றி உடைந்தும் தூர்ந்தும் கிடந்தன. கோடையில் அவற்றிலே எஞ்சியது சேற்றுநீரே. மாரியிலோ அருவியாறு முதலியன பெருகி வழியை மறித்தன.

உயிர் தாங்கிய விதம்

இத்தகைய காட்டை அவர்கள் கடந்தது எவ்வாறு? குரூசோவைப் போலத் தனியனாகத் தன் அறிவையே நம்பியன்று. கூட்டமாகச் சேர்ந்தே கடந்தனர். ஒரு கங்காணியின் கீழ், ஒரே ஊரும் உறவும் சேர்ந்தவர்கள் ஓரணியாக நடந்தனர். முன்னே வழி தெரிந்தவன் செல்வான். அரிசியும் சட்டிபானையும் தலைச்சுமையாக வரும். பொழுது சாயுமுன் நீருள்ள இடம் தேடித் தங்கி, நெருப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சிக் குடித்து, நெருப்பைச் சுற்றிப் படுத்துறங்குவர். தண்ணீர் கண்ட இடத்திலேதான் யானையும் வரும். பாலைப்பழம் உதிரும் காலத்தில் மரத்தடிகளுக்குக் கரடி வரும். இவற்றையெல்லாம் கூட்டத்தின் ஆரவாரமும் நெருப்புமே விலக்கி வைத்தன.

ஆயினும் யானையினும் கரடியினும் கொடிய பகை கண்ணுக்குத் தெரியாத பகையே. அதன் ஒரு வடிவம் குடித்த நீரிற் கலந்து வந்த வாந்திபேதி. மற்றொன்று கொசு கொண்டுவந்த காட்டுக்காய்ச்சல். மலேரியாக் கிருமியைக் கொசு சுமப்பதை றொனால்ட் றொஸ் 1897இலேதான் நிறுவினார். வாந்திபேதிக் கிருமியை றொபேட் கொக் ஆராய்ந்து காட்டியது 1880களில். வடபாதையில் 1840களில் நடந்தவர்க்கு இவ்வறிவு ஏது? நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமென்பதை அவர்களுக்குச் சொல்வார் எவருமில்லை.

மாண்டவர் எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரை வந்தோரில் நால்வருக்கொருவர், அதாவது ஏறத்தாழ 70,000 பேர் இறந்தனர் என்று அந்நாளைய கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அது மிகையென்று பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுப்பர். தொகையிற் பிணக்கு இருக்கலாம். பாதையோரம் உடல்களும் எலும்புகளும் கிடந்தன என்பதிற் பிணக்கில்லை. அப்பேதி பாதையோரச் சிங்களக் கிராமங்களையும் தாக்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது. துன்பம் ஓரினத்தைப் பார்த்து வரவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் கூறவேண்டும். கூட்டமே உயிரைக் காத்தது. அக்கூட்டமே நடக்க மாட்டாதவனை வழியில் விட்டுச் சென்றதுமுண்டு. நின்றால் அனைவரும் மாள்வர். நடந்தால் ஒருவன் மாள்வான். தம்பியின் வாயில் ஒருமடக்கு நீரூற்றிவிட்டு நடந்த அண்ணனை நாம் எவ்விதம் குற்றஞ்சாட்டுவோம்? குற்றம் அவனை அந்நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் மேலது. வழிச்செலவுகூட அவன் கணக்கிலே கடனாக எழுதப்பட்டது. தோட்டத்தை அடையுமுன்னரே அவன் கடனாளி. குடியேறு தொழிலாளருக்கென அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது 1858ஆம் ஆண்டிலேதான். கிணறும் தங்குமடமும் மருத்துவமனையும் வழியோரத்தில் மெல்லமெல்லவே வந்தன.

ஆகவே, இப்பயணத்தை வீரச் செயலென்று மட்டும் புகழ்வது போதாது. முன்னோரின் துணிவைப் பாடிக்கொண்டே அவர்களைத் துணிய வைத்த கொடுமையை மறப்போமாயின், அப்புகழ்ச்சி கொடுமைக்குத் திரையாகிவிடும். அன்றி, அவர்களை ஆட்டுமந்தை போல ஓட்டி வரப்பட்ட வாயில்லாப் பிராணிகளென்று மட்டும் இரங்குவதும் தவறு. வழியறிந்து, நீரறிந்து, ஒருவரையொருவர் தாங்கி நடந்த மனிதர் அவர்கள். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே வரலாற்று நேர்மை.

மாத்தளை

நாலந்தாவைக் கடந்து மலைக்காற்று முகத்திற் பட்டபோது அவர்கள் நெஞ்சம் என்ன எண்ணியிருக்கும்! மாத்தளையை அடைந்தோர் இங்கே இளைப்பாறி, பின்னர் பல மலைகளுக்கும் பிரிந்து சென்றனர். அவ்விதம் இளைப்பாறியவர்கள் மரத்தடியில் வைத்து வணங்கிய அம்மனே இன்றைய முத்துமாரியம்மன் என்று பெரியோர் கூறுவர். காய்ச்சலும் அம்மையும் நீங்க வேண்டும் மக்கள் மாரியை வணங்கியதில் வியப்பென்ன? இப்போதைய கோயில் 1874இல், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பொருளுதவியுடன் எழுந்தது. அதன் இராஜகோபுரம் 108 அடி உயர்ந்தது. மாசிமகத்தன்று தேர் வீதிக்கு வரும்போது, அத்தெருவிலே வெறுங்காலுடன் வந்து சேர்ந்தவர்களை நாம் நினைக்கின்றோமா? 1983 ஜூலைக் கலவரத்தில் அக்கோயிலும் தேர்களும் தீக்கிரையானதையும், மீண்டும் எழுந்ததையும் கண்ட பெரியோர் இன்றும் நம்மிடையே உளர்.

1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. கோப்பியை இலைநோய் அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. நூற்றாண்டின் இறுதியில் வடபாதை தொழிலாளர்க்கு மூடப்பட்டது. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறந்தபின் காட்டுநடை பழங்கதையாயிற்று. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் அவ்வழி வந்தோரின் மக்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்கள் கப்பலேறிய துறையும் அதே தலைமன்னாரே! எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாகக் கிட்டியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான்.

நம் கடமை

மலையகத்தின் இருநூறாவது ஆண்டினை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடந்தது. பல இனத்தவரும் மதத்தவரும் உடன் நடக்க, ஆகஸ்ட் 12இல் அது மாத்தளையை வந்தடைந்தது. வழியோர மக்கள் அவர்களுக்கு நீரும் உணவும் அளித்தனர். முன்னோர் கேட்டுப் பெறாத நீர் அது.

இளைஞர் பலர் இன்று றிவஸ்டனிலும் நக்கிள்ஸ் மலையிலும் கூடாரமடித்துக் காட்டின் இனிமையை நாடுகின்றனர். அது நன்று, உடலும் உள்ளமும் உரம்பெறும். ஆயினும் விரும்பிக் காடேறுவோன் வீடு திரும்புவான். வேறு வழியின்றிக் காடேறியவனுக்குக் காட்டின் மறுகரையிலும் வீடில்லை. லயத்தின் ஒற்றை அறையே இருந்தது. அவன் பேரர் பலர் இன்றும் அவ்வறையிலேதான் வாழ்கின்றனர். வடபாதை அவர்களுக்கு இன்னும் முடியவில்லை.

ஆதலின் நம் மன்றத்து இளைஞர் ஒரு பணியை மேற்கொள்வோமாக. தோட்டந்தோறும் முதியோரிடம் சென்று, அவர்தம் பாட்டிமார் சொன்ன வழிக்கதைகளை எழுதி வைப்போம். லயத்துக் குடும்பங்கள் தமக்கென நிலமும் வீடும் பெறும் முயற்சிக்குத் தோள்கொடுப்போம். கூட்டத்தில் விழுந்தவனை விட்டுவிட்டு நடக்க வேண்டிய காலம் முன்னோருக்கு இருந்தது. நமக்கு அந்நிர்ப்பந்தம் இல்லை. நின்று, கை கொடுத்து, எழுப்பி, உடனழைத்துச் செல்வோம்.