கணிதப் பதக்கமும் இசட் புள்ளியும்

ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், றத்தோட்டைக்கு அப்பால் உள்ள தேநீர்க்கடையில் தோட்டத் தொழிலாளி ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, மகன் கணக்குப் போட்டியில பதக்கம் வாங்கியிருக்கான். அதக் காட்டினா எஞ்சினியரிங் கெடைக்குமா?” மகன் 10ஆம் தரம். அடுத்த சுற்றுக்குக் கொழும்பு போய்வரும் செலவா, ரியூஷன் காசா? இரண்டில் ஒன்றுதான் அவரால் முடியும்.

கிடைக்காது என்பதே பதில். பொறியியல் பீடத்துக்கான வழமையான அனுமதியில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தர இசட் புள்ளியைத்தான் பார்க்கிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஒவ்வொன்றிலும் மாணவரின் புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கணித்து, மூன்றுக்கும் சராசரி எடுக்கிறார்கள். பதக்கத்துக்கு அங்கே இடமில்லை. படிப்புக்கு வெளியே சாதித்தவர்களுக்குச் சிறிய விசேட அனுமதி ஒன்று தனியாக உண்டு. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

அடுத்தது மாவட்டம். 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, நுவரெலியா அதில் உண்டு; மாத்தளை இல்லை. ஆக, இந்தத் தோட்டத்துப் பையன் மாத்தளை நகரப் பாடசாலைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறான். 1977 வன்செயலோடு கிளிநொச்சிக்குப் போன இவருடைய பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளுக்கு வேறு வரிசை. அங்கே போர் தின்ற வருடங்களை அறிந்தவர்கள் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். இங்குள்ள லயத்தின் குறையையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பதக்கத்துக்கு மதிப்பு இருக்கும் இடங்களும் உண்டு. கனடாவிலுள்ள உறவினர் சொன்னதைக் கேட்டுத்தான் இவர் நம்பியிருந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. விண்ணப்பத்தில் கணிதப் போட்டிப் புள்ளிகளைக் குறிப்பிடலாம். சென்னை கணிதவியல் நிறுவனம் இந்திய ஒலிம்பியாட் பயிற்சி முகாமுக்குத் தெரிவான மாணவர்களை நுழைவுத் தேர்வில்லாமலே எடுப்பதுண்டு.

ஒலிம்பியாட் கணக்கும் உயர்தரக் கணக்கும் வேறு என்பதையும் சொன்னேன். முன்னதில் எண் கோட்பாடு, கேத்திரகணிதம், சேர்மானம்; நுண்கணிதம் தேவையில்லை. பின்னதில் நுண்கணிதமும் நிலையியலும் இயக்கவியலும் பாதி உயிரை எடுக்கும். ஆனாலும் தெரியாத கணக்கின் முன் பயமில்லாமல் உட்காரும் பழக்கம் இரண்டுக்கும் உதவும். செலவில்லாமல் முடிந்தால் எழுதட்டும். கடன்பட்டு வேண்டாம் என்றேன்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. தமிழ்மொழி மூலம் கணிதப் பிரிவு எந்தப் பாடசாலையில் இருக்கிறது, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று இப்போதே விசாரிக்க வேண்டும். “மாத்தளைக்குத்தான் போகணும்,” என்றார். பஸ் கட்டணத்தை மனதுக்குள் கூட்டத் தொடங்கியிருந்தார்.