பொருநையாற்றுப் பாலம்

செஞ்சி இராஜகிரியின் உச்சிக்கு ஏறுவோர், ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமுள்ள பிளவொன்றை இடையே காண்பர். பகைவர் நெருங்குங்கால் எடுத்துவிடத் தக்கதாக முன்னோர் அதன்மேல் மரப்பாலம் அமைத்திருந்தனர். மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்ற ஞான்று ஒரு சிறுவன், "ஐயா, பாலம் கடப்பதற்கன்றோ? எடுத்துவிடுவதற்கும் ஒரு பாலமா?" என்று வினவினான். கோட்டைப் பாலம் பகைவரைத் தடுக்க எழுந்தது என்றேன். எல்லாரும் கடக்க எழுந்த பாலம் ஒன்றனைப் பற்றியும் அவனுக்குக் கூறினேன். அதனையே நம் சங்கத்து அன்பர்களுக்கும் ஈண்டு எழுதலானேன்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பொருநை எனப்படும் தாமிரபரணி ஓடுகின்றது. நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும் மேல்கரையில். கும்பினியார் பட்டாளம் இருந்தது கீழ்கரையில். நாள்தோறும் இருகரை மக்களும் படகுத்துறையிற் காத்துக்கிடந்தனர். வெள்ளம் பெருகினால் படகும் இல்லை. யார் முந்தி ஏறுவது என்னும் பூசலோ ஓயாதது. 1840-ஆம் ஆண்டில் அத்துறையில் எழுந்த கலகம் உயிர்ச்சேதத்தில் முடிந்தது.

அதன்பின் கலெக்டர் தாம்சன் துரை பாலம் ஒன்று வேண்டுமெனத் துணிந்தார். காப்டன் பேபர், ஹார்ஸ்லி என்னும் எஞ்சினீயர்கள் அப்பணியில் ஈடுபட்டனர். 760 அடி நீளம், 21½ அடி அகலம், ஒவ்வொன்றும் 60 அடி அகன்ற 11 வளைவுகள். வெள்ளத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் அமைப்பு. செலவோ ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய். ஊராரிடம் பொருள் திரட்டும் முயற்சி தளர்ந்தபோது, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் முழுச் செலவையும் தாமே ஏற்றார். (பெயர் கண்டு பெண்பாலென மயங்கற்க, நல்ல கண்ணுடையான் என்பதே அதன் பொருள்.) அவர்தம் மனைவியார் தம் நகைகளை முதற்கண் ஈந்தார் என்று நெல்லையார் இன்றும் சொல்வர்.

1843-இல் பாலம் திறக்கப்பெற்றது. இதற்கு மாதிரியென்று சொல்லப்படும் லண்டன் வாட்டர்லூப் பாலம் 1817-இல் ஒரு கம்பெனியாரால் திறக்கப்பட்டது. கடப்பாரிடம் 1878 வரை சுங்கம் பெற்றது. நெல்லைப் பாலமோ ஒருவர் கைப்பொருளால் எழுந்தது. கொடையாளர் முதலியார் என்பதில் அவர் குலத்தார் பெருமை கொள்ளலாம். எனினும் அப்பாலத்தின்மேல் நடப்போனை எக்குலத்தான் என்று எவரும் கேட்பதில்லை. படகில் அங்ஙனம் இருந்ததோ?

துடுப்பு வலித்துப் பிழைத்த ஓடக்காரர் குடிகளையும் மறத்தல் தகாது. பாலம் வந்ததும் அவர் தொழில் போயிற்று.

1869-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வளைவுகள் சிலவற்றைச் சிதைத்தது. 1871-இல் அவை செப்பனிடப்பெற்றன. பின்னாளில் வண்டிப் போக்குவரத்து மிகவே, அரசாங்கத்தார் பழைய வளைவுகளை விலக்காமல் பாலத்தை அகலப்படுத்தினர்.