இல்லாத இழை

காஞ்சித் தறியில் அமர்ந்தவர் இழுக்கும் பட்டிழை கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படும். விரல் நுனியிலிருந்து இல்லாத இழையை இழுத்துக்கொண்டே இருப்பவரைக் கண்டதுண்டா? கண்மணி விரிந்திருக்கும், நா வறண்டிருக்கும், உடல் கொதிக்கும், வாய் பிதற்றும். "பேய் பிடித்துவிட்டது!" என்றனர் கண்டோர். வேப்பிலை வந்தது, உடுக்கை ஒலித்தது, சாட்டை சுழன்றது.

பேயா பிடித்தது? அல்ல! உண்ட ஊமத்தை விதை செய்த வேலை அது!

'உன்மத்தம்' என்ற வடசொல்லே ஊமத்தையாயிற்று. பித்து என்பது பொருள். பெயரிலேயே உண்மை இருந்தது, பெயரிட்டோர் அறிந்திருந்தனர். சிவன் சூடும் மலரென்று அதைத் தேவாரமும் பாடிற்று. ஆயினும் பழி மட்டும் பேயின்மீதே விழுந்தது.

பழி இடம் மாறி விழுவது காஞ்சிக்குப் புதிதன்று. மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மத்தவிலாசம்' எனும் நகை நாடகம் இந்நகரிலேயே நிகழ்கிறது. கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன், பௌத்தத் துறவியைத் திருடன் என்கிறான். ஓட்டைக் கவ்விச் சென்றதோ ஒரு நாய்! அதனிடமிருந்து மீட்டு வைத்திருந்தவன் ஒரு பித்தன்!

19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டு நெடுஞ்சாலைகளில், வழிப்போக்கர் உணவில் ஊமத்தை கலந்து கொள்ளையடித்தோர் இருந்தனர். 1856-இல் வெளிவந்த தம் நூலில் மருத்துவர் நார்மன் செவர்ஸ் இதை விரிவாக எழுதினார். மயக்கம் தெளிந்தவருக்கு நடந்தது நினைவிலிராது; சாட்சி சொல்ல நாவுண்டு, நினைவில்லை!

உண்மையை வெளிக்கொணர்ந்தது ஆராய்ச்சி. ஊமத்தையிலும் உள்ள அட்ரோபின் என்னும் நச்சுப்பொருளை, பெல்லடோனா என்ற செடியின் வேரிலிருந்து 1831-இல் பிரித்தெடுத்தார் ஜெர்மானியரான மெயின். நரம்பு தன் செய்தியை வேதிப்பொருளால் அனுப்புகிறது என்பதை 1921-இல் தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார் ஆட்டோ லோவி; 1936-இல் நோபல் பரிசு பெற்றார். அச்செய்தியாளன் பெயர் அசிட்டைல்கோலின். அது அமர வேண்டிய இருக்கையில் அட்ரோபின் அமர்ந்துகொள்கிறது. செய்தி நிற்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது, இதயம் விரைகிறது, மூளை மயங்குகிறது, விரல்கள் இல்லாத இழையைத் தேடுகின்றன.

விந்தை கேளுங்கள்! பூச்சிமருந்து உட்கொண்ட உழவரின் உடலில் அதே அசிட்டைல்கோலின் அளவின்றிப் பெருகி, நுரையீரலை நீரால் நிரப்பும். அப்போது உயிர் காக்க மருத்துவர் ஏற்றும் ஊசி எது? அட்ரோபினே! அளவறியாதவன் கையில் நஞ்சு. அறிந்தவர் கையில் அமுது.

சாட்டை எந்த நஞ்சையும் முறித்ததில்லை. முறிக்கக் கிடைத்த நேரத்தைத்தான் தின்றது. பிதற்றுபவரைக் கண்டால் பேயைத் தேடாதீர், உண்டது எதுவெனக் கேளுங்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள். இல்லாத பேயைத் துரத்தும் வேளையில் அறுந்துபோவது, இருக்கும் உயிரின் இழை!