மறைத்த எருதும் மறைந்த நோயும்



கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலை எங்கள் சூளகிரி மலையடியை ஒட்டிச் செல்கிறது. இன்று அச்சாலையில் தொழிற்சாலைகளுக்குச் சரக்கேற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. என் பாட்டனார் காலத்திலோ, மைசூர்ச் சீமையிலிருந்து அவ்வழியே மாட்டு மந்தைகள் வந்தன. அம்மந்தைகளோடு கூடவே வந்த ஒரு கொடிய விருந்தாளியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். வெக்கை நோய் என்பது அதன் பெயர்.

இந்நோய் கண்ட மாட்டுக்கு முதலில் கடுங்காய்ச்சல் வரும். கண்ணீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பின்னர்க் கழிச்சல் கண்டு, சில நாட்களில் மாடு மாண்டுவிடும். மனிதனை இந்நோய் தொடுவதில்லை. ஆயினும் உழவு மாட்டையும் பால் மாட்டையும் ஒருங்கே கொண்டுபோய், அவனைப் பட்டினியில் ஆழ்த்திவிடும்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்தில் 1866-ஆம் ஆண்டிலேயே கால்நடை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1871-இல் இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. அப்படியிருந்தும் நோய் ஏன் நிற்கவில்லை? இதற்கு விடையை நான் நூல்களில் கற்பதற்கு முன்பே, என் தந்தையார் வாயிலாக அறிந்தேன்.

என் பாட்டனாருக்கு ஓர் இணை எருது இருந்தது. உழவுப் பருவத்தில் அவற்றுள் ஒன்று வெக்கையில் விழுந்தது. ஊரார்க்குத் தெரிந்தால் மற்றொன்றைச் சந்தையில் விற்க இயலாது என்று அஞ்சி, அவர் நோயுற்ற எருதைக் கொல்லைக் கொட்டகையில் மறைத்தார். நலமாகத் தோன்றிய அதன் துணையைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்றுவிட்டார். ஒரு மாதத்திற்குள், அதனை வாங்கிய குடியானவரின் தொழுவம் முழுவதும் காலியாயிற்று என்ற செய்தி வந்தது. அதன்பின் என் பாட்டனார் தம் ஆயுள் முழுவதும் அச்சந்தையில் கால் வைக்கவில்லை.

அவர் தீயவரல்லர். உண்மையைச் சொன்னால் நட்டம் முழுவதும் தம் தலையில் விழும், மறைத்தாலோ பாதியேனும் மிஞ்சும் என்ற நிலையில் நின்றவர். அந்நிலையை மாற்றாத சட்டம், வாயிற்கதவைப் பூட்டிப் புழைக்கடையைத் திறந்து வைத்தது போன்றதே.

அந்நிலையை மாற்றியது விஞ்ஞானம். 1889-இல் பூனாவில் தொடங்கி, பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்ட ஆய்வுக்கூடத்தில், 1920-களில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் நோய்க்கிருமியை ஆட்டின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்தார். அதுவே தடுப்பு மருந்தாயிற்று. நம் மாகாணத்திலும் 1932-இல் இராணிப்பேட்டையில் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நிறுவப்பெற்றது. 1954-இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, ஊசிக்காரர்கள் ஊர் ஊராக வந்தனர். மாநில எல்லைகளில் சோதனைச் சாவடிகள் அமைந்தன. எல்லையோரக் கிராமங்களின் மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டு, நோய்க்கு ஓர் உயிர்வேலி கட்டினர்.

இங்கேதான் மனமாற்றம் நிகழ்ந்தது. சர்க்கார் ஆள் வருகிறார் என்றால் மாட்டைக் காட்டுக்கு ஓட்டியவர்கள், ஊசி போட்ட மாடு பிழைப்பதைக் கண்ணாரக் கண்டபின், தாமே பிடித்து வந்து நிறுத்தினர். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல். அதுவும் நம் தமிழ்நாட்டிலேதான். 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகம் முழுவதும் இந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றன. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

ஒழிந்த நோயைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு டென்மார்க்கில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கீரியை ஒத்த மிங்க் என்னும் பிராணியை, அதன் மென்மயிர்த் தோலுக்காகக் கூண்டுகளில் நெருக்கி அடைத்து அங்கே வளர்த்தனர். கொரோனாத் தொற்று மனிதரிடமிருந்து அப்பிராணிகளுக்குச் சென்று, பண்ணைக்குள் உருமாறி, மீண்டும் மனிதரிடமே வந்தது. அவ்வாண்டு நவம்பரில் மிங்க் அனைத்தையும் கொல்ல அந்நாட்டு அரசு ஆணையிட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிராணிகள் மாண்டன. ஆனால் நோயற்ற பண்ணைகளையும் அழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது பின்னரே தெரியவந்தது. விவசாய அமைச்சர் பதவி விலகினார். கற்றறிந்த நாட்டிலும், விதியை முன்கூட்டி ஆய்ந்து வகுக்காவிடில் இவ்வாறே ஆகும். நெதர்லாந்து நாடோ அத்தகைய பண்ணைகளையே மூடச் சட்டம் செய்தது.

மென்மயிர்ப் பண்ணைகள் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் மாட்டுப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் உண்டு. ஓசூரையடுத்த மத்திகிரியில் 1824-இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய அரசுப் பண்ணை, இன்று கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. பிராணிகளை ஓரிடத்தில் பெருந்தொகையாகச் சேர்த்து வைக்கும் இடமெல்லாம் கண்காணிப்பை வேண்டும் இடமே. 2009-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், தொற்றுநோய் கண்ட கால்நடையைப் பற்றி உடனே அறிவிப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. பறவைக்காய்ச்சலில் அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு இழப்பீடு தருவதும் வழக்கமாகியுள்ளது. கடமையும் இழப்பீடும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டால் ஏர் ஓடாது.

உண்மை சொல்பவனை நட்டப்படுத்தாத சட்டமே நோயைத் தடுக்கும். என் பாட்டனார் அன்று, "என் மாட்டுக்கு வெக்கை" என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய நிலை இருந்திருக்குமாயின், முகமறியா ஒரு குடியானவரின் தொழுவம் பிழைத்திருக்கும். உங்கள் தொழுவத்தில் ஒரு மாடு தீனி எடுக்காமல் நின்றால், மறைக்காதீர்கள். கால்நடை மருத்துவருக்கு அன்றே சொல்லி அனுப்புங்கள்.