தால்: கடலாயிருந்த ஏரி

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் தால் ஏரி அமைந்துள்ளது. பண்டைய வெடிப்புகளால் நிலம் உள்வாங்கியதில் உருவான பெரும்பள்ளமே இவ்வேரி. அதன் நடுவிலுள்ள எரிமலைத் தீவின் உயரம் 311 மீட்டர் மட்டுமே. எனினும் அப்பகுதியின் வரலாற்றை எழுதியதில் அத்தீவுக்கே முதன்மைப் பங்கு உண்டு.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது முழுமையான ஏரியன்று. பலாயான் வளைகுடாவோடு இணைந்து, கடற்கலங்கள் வந்துசெல்லும் நீர்ப்பரப்பாக இருந்தது. 1754 மே மாதம் தொடங்கிய வெடிப்பு டிசம்பர் வரை நீடித்தது. வெளியேறிய சாம்பலும் கற்களும் கடல்வழியை அடைத்தன; நீர்மட்டம் உயர்ந்தது. தால், லிப்பா, தனவான், சாலா ஆகிய ஊர்கள் அழிந்தன. முதல் மூன்றும் வேறிடங்களில் மீண்டும் எழுந்தன. சாலா தனி ஊராக மீளவில்லை. இன்று ஏரியைக் கடலோடு இணைப்பது குறுகிய பான்சிபித் ஆறு மட்டுமே.

அடைபட்ட உப்புநீர், மழையால் படிப்படியாக நன்னீராயிற்று. கடல்சார் மூதாதையரின் வழிவந்த 'தவிலிஸ்' என்னும் மீன் இங்கு வாழ்கிறது. மத்தி இனத்தில் முழுவதும் நன்னீரில் வாழ்வது இது ஒன்றே. மிகுதியான மீன்பிடிப்பு, நீர்மாசு, அயல் மீன்களின் வருகை ஆகியவற்றால் நலிவுற்ற இம்மீன், 2019இல் அருகிவரும் உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது.

1911 ஜனவரி வெடிப்பில் 1,335 பேர் மாண்டனர். மக்கள் மீண்டும் குடியேறினர். 1965 செப்டம்பரில் எரிகுழம்பு ஏரிநீரைச் சந்தித்தபோது, நீர் ஒருசேர நீராவியாக வெடித்தது. வெப்பச் சாம்பல் நிலத்தையொட்டி வளையமாகப் பாய்ந்தது. 1946இல் பிகினித் தீவில் நீருக்கடியில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் காணப்பட்ட அலையோடு அறிஞர் இதனை ஒப்பிட்டனர். எரிமலையியலில் அவ்வகைப் பாய்ச்சல் தனித்து அறியப்பட்டதில் தாலுக்கு முக்கிய இடமுண்டு.

தீவில் நிலையான குடியிருப்பு கூடாதென அரசின் எரிமலை ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாக எச்சரித்துவந்தது. ஆயினும் 2020 ஜனவரி 12 வெடிப்பின்போது அங்கு ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்துகொண்டிருந்தனர். மீன்பிடிப்பு, சாம்பல் வளமூட்டிய மண், பயணிகளைக் குதிரையில் எரிவாய்க்கு அழைத்துச்செல்லும் தொழில் ஆகியவை அவர்களின் பிழைப்பு. அவ்வெடிப்பில் எரிவாய் ஏரியே ஆவியாகி மறைந்தது. குதிரைகள் பல மடிந்தன.

இம்மக்களின் மீள்வருகையை அறியாமை என ஒதுக்குவது எளிது. ஆனால் மீனைத் தரும் நீரே எரிமலையின் வெடிப்பைக் கொடியதாக்குகிறது. மண்ணை வளமாக்கும் சாம்பலே ஊர்களைப் புதைக்கிறது. ஆபத்தும் வாழ்வாதாரமும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கும் இடத்தில், மாற்றுப் பிழைப்பைத் தராத வெளியேற்ற ஆணை நிலைக்காது என்பதே 1754 முதல் தால் தரும் படிப்பினை.