இரும்புக் குழாய் முதல் அதிமீயொலி ஏவுகணை வரை



2024ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், ஒடிசாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து நெடுந்தூர ஹைப்பர்சோனிக் ஏவுகணை ஒன்றை இந்தியா சோதித்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய ஏவுகணை அது. சில நாள்களுக்குப் பின், தம் மகனை அழைத்துச் செல்லப் பள்ளிக்கு வந்த தந்தை ஒருவர் என்னிடம் பெருமிதத்தோடு சொன்னார்: “ராக்கெட்டைக் கண்டுபிடித்ததே நாம்தானே, டீச்சர். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.”

தோட்டத்தில் பிறந்து, உழைப்பால் உயர்ந்த மனிதர் அவர். தம் பிள்ளை தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை அச்சொல்லில் இருந்தது. ஆயினும், தவறான செய்தியின்மேல் கட்டிய பெருமை பிள்ளைக்கு நெடுநாள் துணைவராது. எனவே அவருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை இங்கு எழுதுகிறேன்.

முதலில் செய்தவர் யார்?

வெடிமருந்தின் உந்துதலால் பறக்கும் தீயம்புகளைச் சீனர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே போரில் பயன்படுத்தினர். ஆகவே ராக்கெட்டை முதலில் கண்டவர் நாம் அல்லர். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர்ப் படை அதில் பெரிய மாற்றத்தைச் செய்தது. காகிதம், மூங்கில் ஆகியவற்றால் ஆன குழாய்க்கு மாற்றாக இரும்புக் குழாய் வந்தது. மூங்கில் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அழுத்தம் மிகுந்ததால் உந்துதலும் மிகுந்தது. அக்கணைகள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை பாய்ந்தன. நேராகப் பறக்க, குழாயோடு நீண்ட மூங்கில் கழியையோ வாளையோ பிணைத்தனர்.

அக்கழியின் பயனை எங்கள் பள்ளித் திடலிலேயே காணலாம். நெகிழிப் புட்டியில் நீர் ஊற்றி, மிதிவண்டிப் பம்பால் காற்றடைத்து மாணவர்கள் நீர் ராக்கெட் விடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவன் வால் இறக்கைகளை ஒட்டாமலே விட்டான். அது கரணமடித்து எங்கள் காலடியிலேயே விழுந்தது. அன்று அவன் கற்றதை எந்தப் பாடநூலாலும் அவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்க முடியாது.

புள்ளலூரில் விழுந்தவர்கள்

1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூர்ப் படை முறியடித்தது. இரும்புக் கணைகள் பறந்தன. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர்க் காட்சியை ஓவியமாக இன்றும் காணலாம்.

இக்கதையைச் சொல்லும்போது நாம் மறந்துவிடும் ஒன்றுண்டு. தோற்ற அப்படையில் ஐரோப்பியர் சில நூறு பேரே. பெரும்பகுதியினர் கம்பெனியிடம் கூலிக்குச் சேர்ந்த நம் மண்ணின் சிப்பாய்கள். அப்போரினால் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் பாழாகிப் பஞ்சமும் வந்தது. ‘நாம் வென்றோம்’ என்று வகுப்பில் சொல்லுமுன், அந்த ‘நாம்’ யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. எய்தவரும் நம்மவர்; எரிந்தவரும் நம்மவர்.

மூடா ஆற்றுக்கு அக்கரை

இவ்வரலாறு கெடாவுக்கும் அந்நியமானதன்று. சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் செல்லும்போது மூடா ஆற்றைக் கடக்கிறோம். அக்கரையில் தொடங்குவது செபராங் பிறை. அதன் பழைய பெயர் ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’. அப்பெயருக்குரிய ரிச்சர்ட் வெல்லஸ்லி இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்தபோதுதான், 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, அவருடைய தம்பி ஆர்தர் வெல்லஸ்லி சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவுத் தாக்குதல் நடத்தி, துப்பாக்கிக் குண்டுகளுக்கும் ராக்கெட்டுகளுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் பின்வாங்கினார்.

கெடாவின் கதையும் அக்காலத்தில் ஆயுதத்தோடு பிணைந்ததே. சயாமியரிடமிருந்து காக்கும் படைத்துணை கிடைக்கும் என நம்பியே சுல்தான் அப்துல்லா 1786இல் பினாங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அத்துணை கிடைக்கவில்லை. 1791இல் தீவை மீட்கத் திரட்டிய படையும் தோற்றது. 1800இல் செபராங் பிறையும் கைமாறியது. 1821இல் சயாமியர் கெடாவைத் தாக்கியபோதும் கம்பெனிப் படை உதவிக்கு வரவில்லை. பிறர் கை ஆயுதத்தை நம்பியிருப்பதன் விலையைக் கெடா நன்கறியும்.

மைசூர்க் கணைகளுக்கு என்ன நேர்ந்தது? கைப்பற்றப்பட்டவற்றுள் பல இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதச்சாலைக்குச் சென்றன. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவ்வகைக் கணைகளை மேம்படுத்தினார். அளந்து, எடைபோட்டு, மீண்டும் மீண்டும் சோதித்து, கண்டவற்றை நூலாகவும் எழுதினார். 1807இல் அவருடைய ராக்கெட்டுகள் கோப்பன்ஹேகன் நகரின்மேல் பாய்ந்தன. மைசூர்ப் பட்டறைகளோ அரசோடு அழிந்தன. 2018ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கணைகள் கிடைத்தன. ஓரிடத்தில் அறிவு ஏட்டில் ஏறியது. மற்றோரிடத்தில் கிணற்றில் புதைந்தது. நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்பும் பாடம் இதுவே.

ஒலியை ஐந்து மடங்கு முந்துதல்

கடல்மட்டத்தில் ஒலி மணிக்கு ஏறத்தாழ 1,225 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டினால் ஹைப்பர்சோனிக், அதாவது அதிமீயொலி வேகம். அலோர் ஸ்டாரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலைவழி ஏறத்தாழ 800 கிலோமீட்டர். அத்தொலைவை எட்டே நிமிடங்களில் கடக்கும் வேகம் அது.

இவ்வேகம் புதிதன்று. 1949 பிப்ரவரி 24ஆம் நாள், அமெரிக்காவில் ஜெர்மானிய வி-2 ராக்கெட்டின் தலையில் சிறிய ராக்கெட் ஒன்றைப் பொருத்தி ஏவியபோதே மனிதர் அதை எட்டிவிட்டனர். வழக்கமான நெடுந்தூர ஏவுகணைகளும் இதைவிட வேகமாகச் செல்வனவே. ஆனால் அவை எறிந்த கல்லைப்போல் வளைந்து விழுவதால், விழும் இடத்தை முன்கூட்டியே கணிக்கலாம். புதியவையோ தாழ்வாகப் பறந்து, இடையில் திசையும் மாற்றக்கூடியவை. தடுப்பது கடினம், முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. உலகம் அஞ்சுவது இதற்காகத்தான்.

2019இல் சீனா டிஎஃப்-17 ஏவுகணையை அணிவகுப்பில் காட்டியது. அதே ஆண்டு ரஷ்யா அவன்கார்டைப் படையில் சேர்த்தது. 2020 செப்டம்பர் 7ஆம் நாள், காற்றிலுள்ள உயிர்வளியையே உறிஞ்சி எரியும் ஸ்கிராம்ஜெட் பொறியை இந்தியா வானில் 20 வினாடிக்கு மேல் இயக்கியது. 2025 ஏப்ரலில் தரைச்சோதனையில் அத்தகைய பொறியின் எரியறை 1,000 வினாடிகளுக்கு மேல் எரிந்தது.

வெப்பத்தைத் தாங்கிய பொருள்

இத்துறையின் பெரும்பகை வெப்பம். 1989 மே 22ஆம் நாள் அப்துல் கலாம் தலைமையில் ஏவப்பட்ட அக்னி ஏவுகணை, காற்றுமண்டலத்துள் மீண்டும் நுழையும்போது ஏறத்தாழ 3,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அதற்காக எடை குறைந்த கரிமக் கலப்புப் பொருளை உருவாக்கினர். பின்னர் ஐதராபாத் மருத்துவமனை ஒன்றில், 3 கிலோ எடையுள்ள உலோகக் கால்தாங்கிகளை இழுத்து நடந்த பிள்ளைகளைக் கலாம் கண்டார். அதே தொழில்நுட்பத்தால் 300 கிராம் எடையில் புதிய கால்தாங்கிகள் உருவாயின. தமக்குப் பேரின்பம் தந்த பணி அதுவே என்று அவர் பல மேடைகளில் கூறியுள்ளார்.

அந்தத் தந்தைக்கு என் மறுமொழி இதுதான். ஐயா, நாம் முதலில் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததை மேம்படுத்தினோம், பின்பு கைநழுவ விட்டோம், இராமேசுவரத்தில் பிறந்த ஒருவரின் காலத்தில் மீண்டும் கற்றோம். இதை உங்கள் மகனுக்குச் சொல்கிறேன். புள்ளலூரில் எரிந்த சிப்பாய்களையும், இலேசான தாங்கியோடு நடந்த பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டையும் கேட்ட பிறகு அவன் பெருமைப்பட்டால், அது அவனுக்குரிய பெருமை.